மடை திறந்தவர், மடை அடைத்தவர்

ஜப்பானிய நிதியமைச்சர் தகாஹாஷி கொரெகியோவின் வாழ்க்கை (1854–1936)

அரசு செலவு செய்வது நன்றா தீதா என்னும் வினாவை நம்மில் பலரும் அறத்தின் பாற்பட்ட வினாவாகவே கருதி வருகிறோம். சிக்கனம் என்ற சொல் செவியில் விழுந்த அளவிலேயே நல்லொழுக்கம் நினைவுக்கு வருகிறது. கடன் என்றதும் நெஞ்சம் கலங்குகிறது. ஆயினும் எந்தச் சொல்லும் தனித்து நின்று முழுப்பொருள் தருவதில்லை என்பதைக் கவிதை பயில்வோர் அறிவர். இடம், பொருள், ஏவல் அறிந்து ஆளப்படும்போதே சொல் உயிர் பெறுகிறது. ஒரு நாட்டின் நிதிக்கும் இவ்விதி பொருந்தும் என்பதைத் தம் வாழ்க்கையால் விளக்கிக் காட்டியவர் ஜப்பானின் தகாஹாஷி கொரெகியோ. வங்கிகள் உடைந்த காலத்தில் அவர் ஒரு மருந்தைக் கொடுத்தார். வாங்குவோர் இன்றி ஆலைகள் உறங்கிய காலத்தில் மற்றொன்றைக் கொடுத்தார். ஆலைகள் நிரம்பி வழிந்தபோது கொடுத்த மருந்தைத் திரும்பப் பெற முயன்றார். அம்மூன்றாவது செயலுக்காக உயிரையும் கொடுத்தார். நம் மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் நிதியமைச்சர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவதற்கு இதுவே காரணமாகும்.

தலையாட்டிப் பொம்மையின் பெயர்

பருத்த உடலும் வட்ட முகமும் நரைத்த தாடியும் கொண்ட தகாஹாஷியை ஜப்பானிய மக்கள் தருமா என்று அன்புடன் அழைத்தனர். தருமா என்பது போதிதருமரின் ஜப்பானியப் பெயர். தென்னாட்டு அரசர் ஒருவரின் மைந்தர் அவர் என்று சீன நூல்கள் கூறும். காஞ்சிப் பல்லவர் குடியில் தோன்றியவர் என்று நம்மவர் கொள்வர். அவர் பெயரால் ஜப்பானில் செய்யப்படும் பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. எப்பக்கம் தள்ளினாலும் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தகாஹாஷிக்கு அப்பெயர் தோற்றத்தால் மட்டும் அமைந்ததன்று, வாழ்க்கையாலும் அமைந்தது.

1854ஆம் ஆண்டு, இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஆட்சியாளருக்குப் பணிபுரிந்த ஓவியர். தாயார் அவ்வீட்டில் வேலைசெய்த இளம்பெண். முறையான மணத்தில் பிறவாத அக்குழந்தை, செண்டாய்ச் சிற்றரசைச் சார்ந்த தகாஹாஷி என்னும் காலாட்படை வீரர் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது. சாமுராய் வகுப்பின் அடிப்படியில் இருந்த குடும்பம் அது. யோக்கஹாமாவில் கிறித்தவ ஊழியர் இல்லத்தில் ஆங்கிலம் கற்ற சிறுவனை, 1867ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் வயதில், மேற்படிப்புக்கென அமெரிக்காவுக்கு அனுப்பினர். அங்கு ஓக்லாந்து நகரில் ஒரு தாளில் கையொப்பமிட்டான். வேலையும் படிப்பும் தருவதாகச் சொல்லப்பட்ட அத்தாள், மூன்றாண்டுகள் ஒரு குடும்பத்துக்குக் கட்டுண்டு உழைப்பதற்கான ஒப்பந்தம் என்பது பின்னரே தெரியவந்தது. அதிலிருந்து மீண்டு 1868ஆம் ஆண்டின் இறுதியில் அவன் தாய்நாடு திரும்பியபோது, பழைய ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு அமைந்திருந்தது. எழுத்தில் எழுதப்பட்டதற்கும் அது உண்மையில் குறிப்பதற்கும் உள்ள இடைவெளியை இத்துணை இளமையில் கற்றவர் அரியர்.

விழுதலும் எழுதலும்

ஆங்கிலம் அறிந்த காரணத்தால் தலைநகரின் உயர்கல்விக் கூடத்தில் ஆசிரியப் பணி எளிதில் கிட்டியது. ஆனால் குடியும் கேளிக்கையும் அவரை விழுங்கின, பணி போயிற்று. பின்னர்க் கரத்சு என்னும் சிற்றூருக்குச் சென்று ஆங்கிலம் கற்பித்தார். அங்கு அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ஜப்பானின் முதன்மையான கட்டடக் கலைஞராக விளங்கிய தத்சுனோ கிங்கோ. தோக்கியோவில் கியோரித்சு என்னும் பள்ளியின் தலைமையையும் தகாஹாஷி ஏற்றார். ஹைக்கூவுக்குப் புத்துயிர் ஊட்டிய மசஓக்கா ஷிக்கி, தம் இளமையில் பயின்ற பள்ளி அது. ஹைக்கூ எழுதும் நம் மன்றத்துக் கவிஞர்களுக்கு இச்செய்தி உவப்பளிக்கும்.

அதன்பின் அரசுப் பணியில் சேர்ந்து, வணிகக் குறி, புத்தாக்க உரிமை ஆகியவற்றுக்கான முதற் சட்டங்களை வகுப்பதில் பெரும்பங்கு கொண்டார். 1887ஆம் ஆண்டு அந்நாட்டின் புத்தாக்க உரிமை அலுவலகத்துக்கு முதல் தலைவரானார். நிலையான பதவி, நல்ல பெயர் ஆகிய இரண்டையும் 1889ஆம் ஆண்டு துறந்து, பெரு நாட்டில் வெள்ளிச் சுரங்கம் ஒன்றை நடத்தப் புறப்பட்டார். ஆண்டிஸ் மலைமீது ஏறிப் பார்த்தபோது, வாங்கிய சுரங்கம் முன்னரே தோண்டி எடுக்கப்பட்டு வறிதாகிப் போனது என்பது தெரிந்தது. வெறுங்கையுடன் திரும்பியவர் வீட்டையும் விற்றார்.

மீண்டும் எழுந்தது 1892ஆம் ஆண்டில். ஜப்பான் வங்கி தன் தலைமைக் கட்டடத்தை எழுப்பிக் கொண்டிருந்தது. அக்கட்டுமானப் பணியின் அலுவலகப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கட்டடக் கலைஞர் வேறு எவருமல்லர். கரத்சுவில் அவரிடம் பயின்ற தத்சுனோவே. தம் மாணவருக்குக் கீழே பணிபுரிய நேர்ந்ததை அவர் இழிவாகக் கருதவில்லை. கல்லும் சுண்ணாம்பும் கணக்கிட்டு அவ்வங்கிக்குள் நுழைந்தவர், 1899ஆம் ஆண்டு அதன் துணை ஆளுநராகவும் 1911ஆம் ஆண்டு ஆளுநராகவும் உயர்ந்தார்.

கடனின் இயல்பு

1904ஆம் ஆண்டு ரஷ்யாவுடன் போர் மூண்டபோது, வெளிநாட்டில் கடன் திரட்டும் பணி தகாஹாஷியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜப்பான் வெல்லும் என்று இலண்டன் செல்வர் எவரும் நம்பாத காலம் அது. பெருமுயற்சியின்பின் ஒரு கோடி பவுன் கடனுக்கு வழி பிறந்தது. அதில் ஒரு பாதியை நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் ஏற்றார். ரஷ்யாவில் யூத மக்கள் பட்ட துன்பம் அவர் மனத்தை ஜப்பானின் பக்கம் திருப்பியிருந்தது. 1904, 1905 ஆகிய ஈராண்டுகளில் நான்கு தவணைகளாகத் திரட்டப்பட்ட போர்க்கடன் 8 கோடியே 20 இலட்சம் பவுன். போரில் வென்றும் இழப்பீடு கிடைக்காமையால், அக்கடனின் சுமை நெடுங்காலம் நாட்டின் தோளில் கிடந்தது.

இப்பட்டறிவு அவருக்கு இரண்டு உண்மைகளைக் கற்பித்தது எனலாம். கடன் என்பது நம்பிக்கையின் மறுபெயர். நம்பிக்கை கெட்டால் பொன்னும் உதவாது. மற்றொன்று, போருக்காக வாங்கிய கடன் வயலில் விளைவதில்லை, ஆலையில் சுழல்வதில்லை. வட்டியாக மட்டுமே வளர்கிறது. பிற்காலத்தில் படைத்தலைவர்களை அவர் எதிர்த்து நின்ற உறுதிக்கு வேர் இங்கேயே இருக்கிறது.

அவர் செய்தவை யாவும் சரியென்று சொல்வதற்கில்லை. 1918ஆம் ஆண்டு முதல் ஹரா தகாஷியின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தபோது, முதல் உலகப் போர் தந்த செழிப்பில் விலைகள் ஏறிக்கொண்டிருந்தன. அப்போதும் அவர் தாராளமாகவே செலவிட்டார் என்றும், 1920ஆம் ஆண்டு மார்ச்சில் பங்குச்சந்தை சரிந்து மந்தம் விளைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் வரலாற்றாசிரியர் சிலர் குறை கூறுவர். 1921ஆம் ஆண்டு நவம்பரில் ஹரா கொலையுண்டபோது தகாஹாஷி தலைமையமைச்சரானார். ஏழு மாதங்களில் பதவி நீங்கினார். 1924ஆம் ஆண்டு தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து, ஹராவின் சொந்தத் தொகுதியாகிய மொரியோக்காவில் மக்கள் முன் நின்று வென்றார்.

உடைப்பை அடைத்தது

1927ஆம் ஆண்டில் வந்த நெருக்கடி வங்கிகளிலிருந்து தொடங்கியது. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தலைநகரம் அழிந்தபோது, செலுத்த இயலாத உண்டியல்களைத் தள்ளிப் போட அரசு இடமளித்திருந்தது. நாளடைவில் அவற்றுள் பல வாராக் கடன்களாயின. மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் அன்றைய நிதியமைச்சர், உடையாத ஒரு வங்கியை உடைந்துவிட்டதாகக் கூறியது தீப்பொறியாயிற்று. சுசுகி என்னும் பெருவணிக நிறுவனம் வீழ்ந்தது. அதற்குக் கடன் கொடுத்திருந்த தைவான் வங்கி கதவடைத்தது. நாடெங்கும் மக்கள் வங்கி வாயில்களில் திரண்டனர். அமைச்சரவை கவிழ்ந்தது.

எழுபத்திரண்டு வயதில் தகாஹாஷி மீண்டும் அழைக்கப்பட்டார். பாலம் கட்டவோ சாலை போடவோ அவர் ஆணையிடவில்லை. அந்நோய்க்கு அது மருந்தன்று. வங்கிகளை இரண்டு நாள் மூடச் செய்தார். மூன்று வாரங்களுக்குக் கடன் தவணைகளை நிறுத்தி வைத்தார். ஜப்பான் வங்கி தாராளமாகக் கடன் தரவும், அதனால் நேரும் இழப்பை ஒரு வரம்புவரை அரசு ஈடுசெய்யவும் சட்டம் செய்தார். அச்சிட நேரம் போதாமையால், பின்பக்கம் வெறுமையாக விடப்பட்ட 200 யென் தாள்கள் இரவோடிரவாக அச்சாயின. வங்கிகள் மீண்டும் திறந்தபோது, வருவோர் கண்ணில் படும்படி அத்தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தனர். பணம் இருக்கிறது என்று கண்ட கூட்டம் பணத்தைக் கேளாமலே கலைந்தது. ஒன்றரை மாதத்துக்குள் பணியை முடித்துப் பதவியிலிருந்து விலகினார்.

ஏரிக்கரை உடைந்து நீர் வெளியேறும்போது மேலும் நீர் விடுபவன் உழவன் ஆகான். முதலில் உடைப்பை அடைக்க வேண்டும். வங்கிகளின் மீது நம்பிக்கை குலைந்த மந்தத்தில், அரசு ஊதியமாகக் கொடுக்கும் பணம் தலையணைக்கு அடியில் போய்ப் பதுங்கும். ஆதலின் அங்குச் செலவுக்கு முன்னதாக நம்பிக்கை மீள வேண்டும்.

காலம் தவறிய சிக்கனம்

1929ஆம் ஆண்டு ஜூலையில் ஹமகுச்சி ஒசச்சி தலைமையமைச்சரானார். அவருடைய நிதியமைச்சர் இனோஉவே ஜுன்னோசுகே. இனோஉவே ஜப்பான் வங்கியில் தகாஹாஷிக்குப் பின்வந்தவர், 1927ஆம் ஆண்டு நெருக்கடியில் தகாஹாஷியின் வேண்டுகோளை ஏற்று அவ்வங்கியின் ஆளுநர் பொறுப்பைச் சுமந்தவர், நேர்மையாளர், துணிவாளர். போர்க்காலச் செழிப்பில் பெருத்துப் போன வலுவற்ற நிறுவனங்களைச் சிக்கனத்தால் புடம் போட வேண்டும், யென்னைப் பழைய பொன் மதிப்புக்கே கொண்டுவர வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக அரசின் செலவைக் குறைத்தார். 1930ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் நாட்டை மீண்டும் தங்கத் திட்டத்தில் சேர்த்தார்.

பத்தாண்டுகளுக்கு முன் செய்திருந்தால் அது நன்மருந்தாக இருந்திருக்கக்கூடும். ஆனால் அதற்கு முந்திய அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து, உலகெங்கும் வாங்குவோர் கைகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. அமெரிக்க மகளிரின் காலுறைகளுக்காக ஏற்றுமதியான பட்டு நூலின் விலை பாதியாகச் சரிந்தது. பட்டுப்புழு வளர்த்து வாழ்ந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. 1930இல் நெல் மிகுதியாக விளைந்து விலை வீழ்ந்தது. மறு ஆண்டு வடகிழக்கில் விளைச்சலே பொய்த்தது. அப்பகுதியில் பெற்ற பெண்மக்களை விற்று உயிர் பிழைத்த குடும்பங்களும் உண்டு.

இச்சிக்கனக் கொள்கையை எதிர்த்து 1929ஆம் ஆண்டின் இறுதியில் தகாஹாஷி ஒரு விளக்கம் எழுதினார். அதன் கருத்து இது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் யென் செலவிடும் வசதி உள்ளவர் முப்பதாயிரத்தில் வாழ்ந்து இருபதாயிரத்தைச் சேமித்தால் அவருக்கு அது நன்மையே. ஆனால் அந்த இருபதாயிரம் யென்னுக்கு விலையாகியிருக்க வேண்டிய பொருள்கள் விலையாகாமல் தேங்கும். நாட்டின் நோக்கில் அது இழப்பு. மற்றொருவர் கேளிக்கை விடுதியில் இரண்டாயிரம் யென்னைச் செலவழிக்கிறார். ஒழுக்க நோக்கில் அச்செயல் போற்றத்தக்கதன்று. எனினும் அப்பணம் சமையற்காரருக்குக் கூலியாகிறது. மீனவர்க்கும் காய்கறி விளைவிப்போர்க்கும் வணிகர்க்கும் போய்ச் சேர்கிறது. அவர்கள் அதைக் கொண்டு உணவும் உடையும் வாங்க, மேலும் பலருக்கு வருவாயாகிறது. ஒரு யென் இவ்வாறு கைமாறிப் பன்மடங்கு வேலை செய்யும். பொருளியலார் இதனைப் பெருக்கி என்பர். இளமையில் கேளிக்கையில் பணத்தைத் தொலைத்த ஒருவர், அப்பணம் எங்கெங்கே சென்றது என்று முதுமையில் கணக்கிட்டுக் கூறியதாகவும் இதனைக் கொள்ளலாம்.

1931ஆம் ஆண்டு செப்டம்பரில் மஞ்சூரியாவில் ஜப்பானியப் படை அரசைக் கேளாமலே போர் தொடங்கியது. அதே வாரத்தில் இங்கிலாந்து தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. ஜப்பானும் கைவிடும் என்று கணித்தோர் யென்னை விற்று டாலரை வாங்கிக் குவிக்க, பொன் வெளியேறியது. டிசம்பரில் அமைச்சரவை வீழ்ந்தது.

மடை திறந்தது

1931ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், எழுபத்தேழு வயதில் தகாஹாஷி மீண்டும் நிதியமைச்சரானார். அன்றே பொன் ஏற்றுமதியைத் தடை செய்தார். ஏறக்குறைய 49 டாலர் மதிப்புப் பெற்றிருந்த 100 யென், ஓராண்டில் 20 டாலர் அளவுக்கு இறங்கியது. ஜப்பானின் துணிகள் உலகச் சந்தையில் மலிந்தன. ஆறரை விழுக்காட்டுக்கு மேல் இருந்த மைய வங்கியின் வட்டி, 1933ஆம் ஆண்டு ஜூலைக்குள் 3.65 விழுக்காடாகக் குறைந்தது. 1931இல் சுமார் 150 கோடி யென்னாக இருந்த அரசின் செலவு 1933இல் சுமார் 225 கோடியாக உயர்ந்தது. கிராமங்களில் சாலை, ஆற்றுக்கரை, பாசன வாய்க்கால் ஆகிய பணிகளுக்காக மூன்றாண்டுத் துயர்தணிப்புத் திட்டம் 1932இல் தொடங்கியது. உழவர் தம் ஊரிலேயே கூலி பெற்றனர்.

இச்செலவுக்குப் பணம் வரியால் வரவில்லை. 1932ஆம் ஆண்டு நவம்பர் முதல் அரசின் கடன் பத்திரங்களை ஜப்பான் வங்கியே நேரடியாக வாங்கியது. வாங்கிய பத்திரங்களில் பெரும்பகுதியைப் பின்னர் மற்ற வங்கிகளுக்கு விற்று, வெளியே விட்ட பணத்தை மீண்டும் உள்ளிழுத்தது. தொழில் நடத்துவோர் கடன் கேளாமையால் மற்ற வங்கிகளிடம் பணம் தேங்கிக் கிடந்தது. ஆதலின் அரசு வாங்கிய கடன் எவர் வாய்ச்சோற்றையும் பறிக்கவில்லை. வேலையின்றி ஆள்கள் இருந்தனர். ஓடாமல் ஆலைகள் இருந்தன. ஆகவே புதிதாக வந்த பணம் விலையை வெகுவாக ஏற்றாமல் உற்பத்தியை ஏற்றியது. பெருமந்தத்திலிருந்து முதலில் மீண்ட நாடுகளுள் ஜப்பான் ஒன்றாயிற்று.

இம்மீட்சியில் செலவின் பங்கு எவ்வளவு, நாணய மதிப்பு இறங்கியதன் பங்கு எவ்வளவு, குறைந்த வட்டியின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மூன்றும் ஒருங்கே செயற்பட்டன என்பதே சிறப்பு. தங்கத் திட்டத்தில் கட்டுண்டு, வட்டி உயர்ந்திருக்க, செலவை மட்டும் கூட்டியிருந்தால் இப்பயன் விளைந்திருக்குமா என்பது ஐயமே.

மடை அடைத்தது

ஆயினும் திறந்த மடையில் முதலில் வந்து நின்றவர்கள் படைத்தலைவர்கள். அரசின் செலவில் 1931இல் பத்தில் மூன்று பங்காக இருந்த படைச்செலவு, 1935 வாக்கில் ஏறத்தாழப் பாதியாயிற்று. மஞ்சூரியப் போருக்குப் பணம் தந்த அமைச்சரவைகளில் தகாஹாஷியும் இருந்தார் என்பதை மறைத்தல் கூடாது. அவர் கண்டுபிடித்த வழி அப்படைக்கும் வழியாயிற்று.

1934ஆம் ஆண்டு ஜூலையில் பதவி நீங்கியவர், பின்வந்த அமைச்சர் நோயுற்றமையால் நவம்பரில் எண்பது வயதில் திரும்பினார். நாட்டின் நிலை மாறியிருப்பதைக் கண்டார். ஆலைகள் முழுவீச்சில் ஓடின. தொழில்திறம் உடையோர்க்குப் பற்றாக்குறை தோன்றியது. அரசின் பத்திரங்களை வங்கிகள் முன்போல் விரும்பி வாங்கவில்லை. வயல் நிரம்பிவிட்டது, இனி விடும் நீர் பயிரை அழுகச் செய்யும் என்று உணர்ந்தார். ஆண்டுதோறும் கடன் பத்திரங்களைக் குறைப்பது என உறுதி பூண்டார். 1935ஆம் ஆண்டின் இறுதியில், அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை வகுக்கும் அமைச்சரவைக் கூட்டத்தில், படையின் கோரிக்கையை விடிய விடிய எதிர்த்தார். நாட்டின் செல்வ அளவை மீறிய படை நாட்டைக் காவாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இங்கே ஒரு பெருந்துயரம் மறைந்துள்ளது. எல்லா வயல்களும் நிரம்பியிருக்கவில்லை. நகரத்து ஆலைகள் நிறைந்திருந்தன. வடகிழக்குக் கிராமங்களோ 1934ஆம் ஆண்டின் குளிர்க் கோடையில் மீண்டும் பஞ்சத்தில் வாடின. ஆனால் முதலில் நிறுத்தப்பட்டது கிராமத் துயர்தணிப்புத் திட்டமே. படையின் பங்கைக் குறைக்க அவரால் இயலவில்லை. வலியோர் பக்கத்து மடை திறந்தே இருக்க, எளியோர் பக்கத்து மடை அடைபட்டது. பசித்த அக்கிராமங்களின் துயரைச் சொல்லியே இளம் படையதிகாரிகள் சினம் வளர்த்தனர். அச்சினத்தின் முனை, படைச்செலவைக் கட்டுப்படுத்த முயன்ற முதியவரின் பக்கம் திரும்பியது.

1936ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் விடியலில், பனி படிந்த தோக்கியோவில் கிளர்ச்சிப் படையினர் பல இடங்களைத் தாக்கினர். அகசகாவில் இருந்த வீட்டின் மாடியறையில், படுக்கையில் இருந்த தகாஹாஷியைச் சுட்டும் வெட்டியும் கொன்றனர். அவருக்கு வயது 81. அதே மாதம் 4ஆம் நாள், மந்தக் காலத்தில் அரசு செலவிட வேண்டியதன் காரணத்தைக் கோட்பாடாக நிறுவிய கெயின்ஸின் பெருநூல் இலண்டனில் வெளியாகியிருந்தது. நூல் வருமுன்னரே அதன் கருத்தை நடத்திக் காட்டிய கை, நூல் வந்த மூன்று வாரங்களில் ஓய்ந்தது.

சிக்கனத்தை வற்புறுத்திய ஹமகுச்சி 1930இல் சுடப்பட்டு மறு ஆண்டில் மாண்டார். இனோஉவே 1932ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுடப்பட்டு இறந்தார். செலவிட்ட தகாஹாஷியும் அவ்வாறே மாண்டார். குண்டுகளுக்குப் பொருளியல் கொள்கை தெரியாது. படைக்கு அளவு கூறிய அனைவரும் அவற்றுக்கு ஒன்றே.

பின்வந்த மந்தங்கள்

தகாஹாஷிக்குப் பின் வந்தவர்கள் படைக்கு மறுப்புச் சொல்லவில்லை. 1937இல் சீனாவுடன் பெரும்போர் மூண்டது. ஜப்பான் வங்கி அச்சிட்டுத் தந்த பணம் போரில் கரைந்தது. போருக்குப்பின் விலைகள் கட்டற்று ஏறி மக்களின் சேமிப்பை விழுங்கின. 1947ஆம் ஆண்டின் நிதிச்சட்டம், அரசின் பத்திரங்களை மைய வங்கி நேரடியாக ஏற்பதைப் பொதுவாகத் தடை செய்தது. ஆயினும் அந்நாடு அவரைப் பழிக்கவில்லை; 1951இல் வெளியிட்ட 50 யென் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது.

அவர் காணாத மந்தங்களும் பின்னர் வந்தன. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது, ஜப்பானில் மறு ஆண்டு உற்பத்தி சுருங்கியது. அதே வேளையில் விலைவாசி இருபது விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. வாங்குவோர் இல்லாமையால் வந்த மந்தமன்று அது. விற்பதற்கான பொருளை ஆக்குவதே அரிதானமையால் வந்தது. அங்கு அரசின் பணம் விலையையே மேலும் ஏற்றும் என்பதால் செலவைக் கட்டுப்படுத்தினர். 1990களில் நிலமும் பங்கும் விலை சரிந்து வங்கிகள் வாராக் கடனில் மூழ்கியபோது, உடைப்பை அடைக்கக் காலம் தாழ்த்திவிட்டுச் சாலையும் பாலமும் ஆண்டுதோறும் கட்டினர். கடன் மலையளவு குவிந்தது, எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. அப்பணிகள் இல்லையெனில் வீழ்ச்சி இன்னும் கொடிதாகியிருக்கும் என்போரும் உளர். 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலட்சம் யென் வழங்கினர்; கடைகளும் பயணங்களும் முடங்கியிருந்தமையால் அதில் பெரும்பங்கு சேமிப்பாயிற்று. எளியோரின் பசியைத் தணித்த அளவில் அது அறம். ஆலையை ஓட்டும் கருவியாக அன்று.

அரசின் செலவு மந்தத்தில் எவ்வளவு பலன் தரும் என்பதைப் பொருளியல் அறிஞர்கள் இன்று நுட்பமாக அளக்கின்றனர். மந்தம் என்று பொதுவாகச் சொல்லி ஒரே எண்ணைக் கூறுவது போதாது. தேவை சுருங்கியதால் வந்த மந்தத்தில் பெருக்கி பெரிதாகவும், பொருளாக்கம் தடைப்பட்டு வந்த மந்தத்தில் சிறிதாகவும் இருக்கும் என்று அண்மைக்கால ஆய்வுகள் சில காட்டுகின்றன. இவ்வேறுபாட்டை மறுப்போரும் இல்லாமலில்லை. ஆனால் வயலைப் பாராமல் மடையைப் பற்றி முடிவு செய்யலாகாது என்பதைத் தகாஹாஷி முன்னரே அறிந்திருந்தார்.

அவர் உயிர்நீத்த வீடு அகசகாவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, தோக்கியோவின் புறநகரில் உள்ள திறந்தவெளிக் கட்டடக் காட்சியகத்தில் நிற்கிறது. கொலை நடந்த மாடியறைக்கு இன்றும் மக்கள் ஏறிச் செல்கின்றனர். மடை திறக்கும்போது ஊர் திரண்டு வாழ்த்தும். அடைக்கும்போது உழவன் தனித்தே நிற்பான். அத்தனிமையை அஞ்சாமல் ஏற்ற முதியவர் தகாஹாஷி. ஒரு சொல்லை எழுதுவதற்கும், எழுதிய சொல்லை உரிய இடத்தில் நிறுத்துவதற்கும் ஒரே அளவு துணிவு வேண்டும் என்பதை அறிந்த கவிஞர்கள் அவரைத் தம்முள் ஒருவராகக் கொள்ளத் தடையில்லை.